இடப்பக்கச் சுவர்

டொரோண்டோ வோபர்னில், எங்கள் அப்பார்ட்மென்டின் படுக்கையறைக்குள் நுழையும்போதெல்லாம் அம்மா லைட் சுவிட்சை இடப்பக்கச் சுவரில் தேடுவார். அது வலப்பக்கம் இருந்தது. இருபது வருடமாக இதே கூத்து. "உங்களுக்கு இன்னும் பழகேல்லையே?" என்று எரிந்து விழுவேன்.

யுத்தம் முடிந்த அடுத்த கோடையில் அம்மாவோடு யாழ்ப்பாணம் போனேன். கனடாவில் பிறந்த எனக்கு அதுதான் முதல் தடவை. அம்மா வளர்ந்த வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை. சுவர்கள் சில இடங்களில் முழங்காலளவும் சில இடங்களில் ஆளுயரமுமாக நின்றன. இடிந்த ஒரு பக்கத்தால் சப்பாத்தோடு உள்ளே தாவினேன்.

"உது சாமியறை! வெளியிலை போய், சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாசலாலை வா!" என்று அம்மா கத்தினார்.

இல்லாத வீட்டுக்கு என்ன வாசல் என்று முணுமுணுத்தபடி, சொன்னபடியே செய்தேன். அம்மா எனக்கு முன்னால் வெறுங்காலோடு பற்றைகளுக்குள் நடந்து, தன் பழைய அறைக்குள் திரும்பினார். உச்சி வெயில் கொளுத்தியது. ஆனாலும் அவருடைய இடக்கை தானாகச் சுவருக்குப் போனது. விரல் பட்ட இடத்தில், கறுத்த வட்டச் சுவிட்ச் ஒன்று இருந்தது.

அம்மா அதைப் போட்டார். நான் என்னை அறியாமல் அண்ணாந்து பார்த்தேன்.