எல்லையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன்

ஒஸ்லோவில் சம்பளத்துக்கு அமெரிக்க உதைபந்தாட்டம் ஆடியவர்களின் வரலாற்றை நான் அறிந்த அளவில் சொல்லி முடிக்க ஒரு கோப்பை தேநீர்கூடத் தேவையில்லை. இரண்டாயிரங்களின் நடுவில் என் மனைவியின் தம்பி விளையாடிய கழகத்தில் சம்பளக்காரன் ஒரே ஒருவன்தான். பனி கரைந்ததும் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்குவான், இலை உதிரும் முன் போய்விடுவான். மற்றவர்கள் தச்சர்கள், மாணவர்கள், பேருந்து ஓட்டுபவர்கள். தாங்களே சந்தா கட்டி, தாங்களே தலைக்கவசம் வாங்கி, தாங்களே அடிபட்டார்கள்.

"காசும் குடுத்து அடியும் வாங்கிற விளையாட்டை இஞ்சைதான் கண்டனான்" என்பார் மாமி, என் மனைவியின் தாய்.

மச்சானுக்கு அந்த அடிகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் சோகம். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது அவனுடைய வேலை. அதே வேலைக்குத்தான் அமெரிக்கனும் வந்திருந்தான். ஆகவே இரண்டு பருவங்களாக மச்சான் மைதானத்துக்கு வெளியே, மாற்று ஆட்டக்காரரின் வாங்கிலில் இருந்தான். கழுவித் தோய்க்கத் தேவையில்லாத அளவுக்கு அவன் சட்டை சுத்தமாக வீடு வந்தது. மூன்றாம் பருவம் தொடங்கும்போது மாமி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இந்த முறையும் இருத்தித்தான் வைப்பார்கள் என்றால் விட்டுவிட்டுப் படிப்பைப் பார்க்க வேண்டும். அவனும் தலையாட்டினான்.

அப்படியிருக்க, குறொன்லாண்டுக் கடைத்தெருவுக்கு மாம்பழம் வாங்கப் போன அமெரிக்கனுக்குக் கடைப் படியில் கால் பிரண்டது. மச்சான் எனக்குத் தொலைபேசினான்.

"அத்தான், சனிக்கிழமை மட்சுக்கு நான்தான் ஓடப்போறன். ட்ரேனர் சொல்லிப்போட்டார். நல்லா ஓடினால் இடம். இல்லாட்டி இதோடை சரி."

"டேய், சந்தோசமடா!"

"சந்தோசம் இருக்கட்டும். டுக்னாட்டுக்கு ஆள் வேணும். நீங்கள் வாங்கோ."

டுக்னாட் என்றால் எல்லோரும் கூலியில்லாமல் கூடிச் செய்யும் வேலை. நோர்வேயில் கடவுளை மறுக்கலாம், டுக்னாட்டை மறுக்க முடியாது. என் வயிற்றின் சுற்றளவைப் பார்த்த கழகத்தார், அசையாமல் நிற்கும் வேலை ஒன்றை எனக்குத் தந்தார்கள்.

அந்த வேலையை விளக்க ஆட்டத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து யார், அதாவது ஒன்பது மீற்றர் அளவு, முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தப் பத்து யாரைக் காட்ட, மைதான ஓரத்தில் ஒரு சங்கிலி. அதன் இரு முனையிலும் ஆளுயரத் தடிகள். பின்தடி புறப்பட்ட இடம், முன்தடி போய்ச் சேர வேண்டிய எல்லை. பின்தடியைப் பிடித்தவர் இன்னொரு வீரனின் தகப்பன், ஓய்வுபெற்ற நோர்வேஜியர். முன்தடி என்னிடம்.

கோட்டோர நடுவர் ஒரு பெண். ஆட்டத்துக்கு முன் எங்களிடம் வந்தார்.

"நான் சொன்னால் மட்டும் அசையலாம். கத்தக் கூடாது, கைதட்டக் கூடாது. இங்கே நிற்பவர்களுக்கு அணி கிடையாது. சரியா?"

என் குடியுரிமையே அதில் தங்கியிருப்பதுபோல நான் "யா" சொன்னேன்.

எதிரணி பேர்கனிலிருந்து வந்திருந்தது. ஒவ்வொருவனும் குளிர்சாதனப் பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி. மச்சான் பந்தை வாங்கிய போதெல்லாம் அவன் மேல் ஒரு குவியல் விழுந்தது. குவியல் கலையும்போது, கடைசியாக அடியிலிருந்து எழும்புகிறவன் அவன்தான். பயிற்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் நாங்கள் தோற்பது உறுதியாகிவிட்டது. மச்சானின் இடமும் தோற்றுக்கொண்டிருந்தது.

கடைசிக் கால்பகுதியில் எங்களுக்கு நான்காவது முயற்சி. எல்லைக்கு இன்னும் மூன்று யார். பயிற்சியாளர் மச்சானைக் கைகாட்டினார். அவனுக்கு இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்பது எனக்குத் தெரிந்தது.

அவன் பந்தை வாங்கினான். நடுவில் வழி அடைபட்டிருந்தது. சட்டென்று திரும்பி எங்கள் ஓரமாக, நேரே என்னை நோக்கி வந்தான்.

இந்த இடத்தில் எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒஸ்லோத் தமிழரின் விளையாட்டுப் போட்டிக்கு வந்தவர்களுக்குத் தெரியும்: ஓட்டப் பந்தயத்தில் பிள்ளை மட்டும் ஓடுவதில்லை. கோட்டுக்கு வெளியே தகப்பன் ஓடுவார், மாமன் ஓடுவார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சித்தி ஓடுவார். "வா, வா, விடாதை!" என்று பிள்ளைக்கு முன்னால் ஓடுவதுதான் நாங்கள் போட்டி பார்க்கும் முறை. நின்றபடி பார்ப்பவருக்கு அந்தப் பிள்ளையோடு ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம்.

நான் ஓடினேன். "வாடா, விடாதை, வாடா!" என்று கத்திக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓடினேன். தடியையும் கையில் கொண்டு ஓடுகிறேன் என்பது எனக்கு நினைவில்லை. சங்கிலியின் மறுமுனையில் இருந்த பாவத்துக்காகப் பின்தடிப் பெரியவரும் ஓடினார். மச்சான் போய்ச் சேர வேண்டிய எல்லை அவனை விட்டு ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பேர்கன்காரர்கள் அவன் இடுப்பில் தொங்கினார்கள். அவன் விழவில்லை. மூன்றாமவன் காலைப் பிடித்தான். அப்போதும் விழவில்லை, இழுத்துக்கொண்டு வந்தான். திடீரென்று என் தடி பின்னால் இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் பெரியவர் புல்லில் குந்திவிட்டார். நான் நின்றேன். மச்சான் பந்தோடு என் காலடியில் வந்து விழுந்தான்.

நடுவர் வந்தார்.

"உன் வேலை என்ன?"

"நிற்பது."

"செய்தது?"

"ஓடியது."

"இவன் உனக்கு யார்?"

"மனைவியின் தம்பி."

"குடும்பத்தில் வேறு யாராவது இன்றைக்கு இங்கே வேலை செய்கிறார்களா?"

"இல்லை."

"நல்லது" என்று சொல்லி, சிரிப்பை விசிலால் அடைத்துக்கொண்டார். பேர்கன்காரர்கள் கையை விரித்துச் சத்தம் போட்டார்கள். ஆனால் சங்கிலியில் ஒரு கவ்வி உண்டு. மைதானத்துக் கோடு ஒன்றுக்கு நேரே அதை முன்னரே மாட்டி வைத்திருப்பார்கள். அதை வைத்து நடுவர் சங்கிலியைப் பழைய இடத்திலேயே நீட்டினார். உண்மையான எல்லை எங்களுக்கு வெகு பின்னால் கிடந்தது. மச்சான் அதைத் தாண்டிப் பல யார் வந்திருந்தான்.

"தடியைப் பாத்துத்தான் ஓடினனான் அத்தான்" என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு. "தடி வரவே இல்லை. சரி, இன்னும் தூரமாக்கும் எண்டு இழுத்தனான்."

என்னிடமிருந்து தடியைப் பறித்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் முடிந்ததும் பயிற்சியாளர் வந்து மச்சானின் தோள்கவசத்தில் தட்டினார். அமெரிக்கனின் கால் ஆறினாலும் இனிப் பாதி ஓட்டம் இவனுக்கு என்றார்.

ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த வீட்டுக்கு வந்தோம். மாமி கதவைத் திறந்தார். முதலில் அவர் பார்த்தது சட்டையை. சேறும் புல்லும் அப்பியிருந்தன.

"வெண்டியளோ?"

"தோத்துட்டம் அம்மா. ஆனா எனக்கு இடம் கிடைச்சிட்டுது."

மாமி கிட்ட வந்தார். தோல் உரிந்த அவன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தடை விழப்போகிறது என்று நான் நினைத்தேன்.

"அடுத்த ஆட்டம் எத்தினை மணிக்கு?"

"ஏனம்மா?"

"வாறதுக்குத்தான். பிள்ளை வாங்கிலிலை சும்மா இருக்கிறதைப் பாக்க எந்தத் தாய் வருவாள்? இனி வரலாம்தானே."

மச்சான் தன் பாட்டில் சிரித்துக்கொண்டு குளிக்கப் போனான். நடந்ததை எல்லாம் நானே மாமிக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, நீங்கள் எனக்குப் பக்கத்திலை இருக்கலாம். ஆனா கையிலை ஒண்டும் வச்சிருக்கக் கூடாது."