இரண்டு அறைக்கும் ஒரே நேரத்தில் டீ

கீழ் அறையில், பேச்சுவார்த்தைக்கு வந்த ஒரு நாட்டுக்காரர்கள் நான்கு பேர். மாடி அறையில் எதிர்த்தரப்பு ஐந்து பேர். நடுவில் ஏறி இறங்குவதற்கு, இடம் கொடுத்த நாட்டின் அதிகாரி ஒருவர். சமையலறையில் சூப்பர்வைசர் பஷீர் பாய், செஞ்சி பஜார்காரர். மேல்மலையனூர் குமார். தொண்டூர் ஏழுமலை, அது நான். வாசல் பக்கம் ஸ்டூலில் ஹமீத், கீழ் அறைக்காரர்களுடைய டிரைவர்.

வளைகுடாவில் ஒரு அரசு கெஸ்ட் ஹவுஸ். அங்கே நான் டீ மாஸ்டர். இப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கடை. கேட்டரிங் வேலைக்கு வெளிநாடு போகிற பசங்க கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

1. விஷயம்

கீழ் அறைக்காரர்களுடைய நாட்டில் யுரேனியத்தைச் செறிவூட்டுகிற மெஷின்கள் ஓடின. கரண்ட்டுக்கு என்றார்கள். குண்டுக்கு என்றது எதிர்த்தரப்பு. அதற்காகத் தடை போட்டிருந்தார்கள். எந்த பேங்க்கும் அந்த நாட்டுப் பணத்தைத் தொடாது.

ஹமீத் மகனுக்கு ரத்தம் உறையாத வியாதி. அடிபட்டால் ரத்தம் நிற்காது. ஊசி வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். எங்களோடு உடைந்த இந்தியில் பேசுவார். நம்ம பேச்சில் எழுதுகிறேன்.

"மருந்துக்குத் தடை கிடையாதாம். ஆனா காசு அனுப்ப பேங்க் இல்ல. அப்புறம் எவன் குடுப்பான்?" என்றார்.

"வீட்டுல எவ்ளோ இருக்குது?" என்றான் குமார்.

"மாசம் ரெண்டு டப்பா வேணும். ஃப்ரிட்ஜுல ஒண்ணுதான் இருக்குது."

குமார் அவர் கையில் ஒரு டீயைக் கொடுத்தான்.

பேச்சு இதுதான். மெஷினை நிறுத்தி சீல் வைக்கணும், கேமரா மாட்ட விடணும். பதிலுக்கு பேங்க் வழி திறக்கும், முதலில் மருந்துக்கு. இரண்டு தரப்புக்கும் சம்மதம். யார் முதலில் என்பதில் நின்றுவிட்டது. சீல் வை, திறக்கிறோம் என்றது மாடி. திற, வைக்கிறோம் என்றது கீழ். முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். அதிகாரிதான் படிக்கட்டில் சொல்லைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"எங்க ஊரு கோயில்ல அமாவாசை கூட்டத்துல செருப்பு வுடற எடம் இருக்குது, ஹமீத் பாய்" என்றான் குமார். "ஒரு கையில செருப்ப வாங்கறான், மறு கையில டோக்கன குடுக்கறான். டோக்கன் குடுத்தாத்தான் செருப்ப கழட்டுவேன்னு எவனாவது நின்னா, பின்னாடி வர்ற கூட்டம் அவன மிதிச்சிட்டுப் போயிடும்."

ஹமீத் அன்றைக்குத்தான் சிரித்தார்.

2. எலுமிச்சை

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. இரண்டு அறைக்கும் டீ ஒரே நேரத்தில் போகணும். மாடிக்குக் குமார், கீழே நான். கதவு முன்னால் நின்று, வாட்ச் பார்த்துத் தட்டுவோம். முன்பு ஒருமுறை ஒரு தரப்புக்கு முதலில் கொடுத்து வம்பாகியிருக்கிறது. அதனால் பஷீர் பாய் வைத்த சட்டம்.

ஒருநாள் மாடியில் ஒருவர் எலுமிச்சை கேட்டிருந்தார். குமார் மறந்துவிட்டுப் பாதிப் படியில் திரும்பினான். எனக்குத் தெரியாது. நேரம் ஆனதும் தட்டினேன். சத்தம் மாடிக்குக் கேட்டிருக்கிறது.

பிந்தி மாடிக்குப் போன டிரே அப்படியே திரும்பி வந்தது. "டீகூட அவங்களுக்குத்தான் முதல்ல" என்று ஒருவர் சொன்னாராம். டீ ஒரு சாக்கு. ஏற்கெனவே கடுப்பில் இருந்தார்கள். ஃபைல்கள் காருக்கு இறங்கின.

"இன்னாடா பண்ணி வச்சிருக்கீங்க?" என்றார் பஷீர் பாய். "நாடு நாடா பேசிக்கினு இருக்கறாங்க, நீ எலுமிச்சங்கா தேடிக்கினு இருக்கற?"

"நான் தேடல பாய், மறந்துட்டேன்."

"அத வேற சொல்றியா நீ?"

ஹமீத் எழுந்து நின்றார். "முடிஞ்சிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். நான் வாசலை எட்டிப் பார்த்தேன். கார் இன்னும் கிளம்பவில்லை.

அதிகாரி சமையலறைக்கு வந்தார். நடந்ததைக் கேட்டார். குமார் எலுமிச்சையைக் காட்டினான். அவர் கோபப்படவில்லை. புது டீ போடச் சொன்னார். மாடி டிரேயை அவரே எடுத்துக்கொண்டார். அத்தனை பெரிய ஆள்.

"நீ கீழே போய் நில். நான் தட்டுகிற சத்தம் கேட்டதும் தட்டு" என்றார் என்னிடம்.

தட்டினார். தட்டினேன்.

அவரே டிரே தூக்கி வந்ததைப் பார்த்தபின் மாடிக்காரர்களால் எழுந்து போக முடியவில்லை. குடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஃபைல்கள் காரிலிருந்து திரும்பி ஏறின.

3. முடிவு

மறுநாள் அறைகளை மாற்றினார்கள். ஒரே மாடி, எதிரெதிர்க் கதவு. நானும் குமாரும் முதுகுக்கு முதுகு நின்று தட்டினோம். அதிகாரிக்கும் படிக்கட்டு மிச்சம்.

உள்ளே பேசியது முழுதும் எனக்குத் தெரியாது. முடிந்தது என்னவென்று ஹமீத் சொன்னார். அவர்கள் நாட்டில் மெஷின் ஓடுகிற முதல் ஹாலில் சீல் விழுகிற அதே மணிக்கு, இங்கே பேங்க்குக்கு உத்தரவு போகும். முதல் ஆள் என்று யாரும் இல்லை. அது நடந்தால் அடுத்த ஹால், அடுத்த பேங்க். ஒரேயடியாக எதுவும் இல்லை.

அந்த ஒப்பந்தம் என்றைக்கும் நிற்குமா என்று கடையில் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. ஆனால் மிரட்டியபோது ஓடிய மெஷின், கொடுத்து வாங்கியபோது நின்றது. அது எனக்குத் தெரியும்.

பசங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். கோபமாக இருக்கிற இரண்டு பேருக்குப் பரிமாறும்போது, யார் பெரியவர் என்று பார்க்காதே. இரண்டு பேருக்கும் ஒன்றாக வை. திருப்பி அனுப்பினால் திரும்பப் போடு. திரும்பக் கொண்டுபோ.

ஹமீத் ஊருக்குப் போய் ஒரு போட்டோ அனுப்பினார். எழுத்து ஒன்றும் இல்லை. வீட்டு ஃப்ரிட்ஜ், கதவு திறந்திருக்கிறது. மேல் தட்டு முழுக்க ஊசி டப்பா. பெரிதாக்கி எண்ணினேன்.

பதினாறு.