காதுக்குக் கீழே ஓர் எலும்பு

அந்த ஓட்டுநர் பத்தொன்பது ஆண்டுகள் மலைப்பாதையில் பேருந்து ஓட்டியவர். ஐம்பத்து நான்கு வயதில், இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையைத் திருப்பினாலே தொண்டைக்குள் முள் குத்துவதுபோல் வலிக்கத் தொடங்கியது. எச்சில் விழுங்கினால் வலி காதுவரை பாய்ந்தது.

தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். இன்னொருவர் கழுத்துக்குப் பட்டை மாட்டினார். மூன்றாமவர் மனக்கவலை என்று தூக்க மாத்திரை எழுதினார். ஒருநாள் வளைவொன்றில் வலி சுளீரென்று வெட்ட, சக்கரம் ஓரக்கல்லை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அன்றே பணிமனையில், "இனி ஆளுங்களை ஏத்திக்கிட்டு நான் ஓட்டக்கூடாது சார்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். உதிரிப்பாகக் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

"என்னைத் திரும்பிப் பாக்காம இருக்க நல்ல சாக்கு" என்று மனைவி சீண்டினாள். அவரும் சிரித்து வைத்தார். ஆனால் மதியம் இரண்டேகாலுக்குத் தன் பழைய வண்டி கிளம்பும்போது, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். மேட்டில் இரைச்சல் மாறியதும், "அவசரப்பட்டு கியர் மாத்துறான்" என்று முணுமுணுப்பார். கண் கலங்கியிருக்கும்.

நான்காம் வருடம் கடைவாய்ப்பல் வலித்தது. பல் மருத்துவரம்மா தாடை முழுவதையும் எக்ஸ்ரே எடுத்தார்.

"பல்லு கிடக்கட்டும்ங்க. கழுத்தைத் திருப்பினா வலிக்குமா?"

அவர் சட்டென்று தலையாட்டப் போய், வலியில் முகம் சுளித்தார்.

"காதுக்குக் கீழ, மண்டையோட்டுலேர்ந்து ஊசி மாதிரி ஒரு எலும்பு எல்லாருக்கும் இறங்கும். ரெண்டரை சென்டிமீட்டர் இருக்கும். உங்களுக்கு அஞ்சு. நீளமா இருக்கிற நிறைய பேருக்குத் தொந்தரவே வராது. உங்களுக்கு நரம்புல இடிக்குது போல."

"அப்ப இது என் கற்பனை இல்லையாம்மா?"

"எலும்பு இதோ தெரியுதே!"

கூடவந்த மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அறுவை மருத்துவர் வாய் வழியாகவே அந்த எலும்பைக் குறைத்தார். ஆறு வாரத்தில் கழுத்து இரு பக்கமும் தாராளமாகத் திரும்பியது. மறுநாளே பணிமனைக்குப் போய் நின்றார்.

"ஓய்வுக்கு மூணு மாசம்தானே அண்ணே இருக்கு? இப்ப யாரு மலைக்கு விடுவா?" என்றார் மேலாளர், தலையைக் குனிந்தபடி.

ஓய்வு பெற்றபின் வியாழக்கிழமைகளில் அவர் பயணச்சீட்டு வாங்கி மலைக்குப் போகிறார். ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள இருக்கைதான் வேண்டும். இடப்பக்கக் கண்ணாடியில் பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிகிறது. இறக்கத்தில் வண்டி வேகமெடுக்கும்போது அவருடைய வலது கால் தானாக முன்னால் நீண்டு, வெறும் தகரத்தை அழுத்துகிறது.