பெயரில்லாத போர்டுகள்

அலுவலகத்தில் அவருக்குப் 'பரவாயில்லை' என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். காலை மிதித்தாலும் பரவாயில்லை, குடையை இரவல் வாங்கித் தொலைத்துவிட்டு வந்து நின்றாலும் பரவாயில்லை. வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் வாயைத் திறக்கமாட்டார். மனைவி உள்ளே போகிற நேரம் பார்த்து உப்பு டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அந்தம்மாள் தன் கைப்பக்குவத்தில் குறையே கிடையாது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

வேலை ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். இரண்டாவது மாடியில் லிஃப்டுக்குப் பின்னால் ஜன்னலில்லாத அறை. நீள மேசை, கொத்துக் கொத்தாகக் கட்டிவிட்ட கேபிள்கள், ஓயாமல் முனகும் ஏசி. புதிதாக வாங்கிய லேப்டாப்பும் பழுது பார்த்துத் திரும்பிய லேப்டாப்பும் அந்த மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். உள்ளே இருப்பதைச் சுத்தமாகத் துடைத்து, விண்டோஸ் ஏற்றி, டிரைவர்களைப் போட்டு அனுப்புவார். டிரைவர் என்றால் ஒன்றும் மாயமில்லை. திரை, டச்பேட், வைஃபை என்று ஒவ்வோர் உறுப்பையும் இயங்கவைக்கிற சின்னச் சின்ன மென்பொருள். மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் போட்டால் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்த கதைதான். சிலது நொண்டும், சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

மாடலுக்கு ஒரு ஃபோல்டர் என்று சர்வரில் அடுக்கி வைத்திருந்தார். கேபிளில் மாட்டி லேப்டாப்பை எழுப்பியதும் சர்வர் அதன் மாடல் பெயரைக் கேட்கும். அந்தப் பெயர் லேப்டாப்பின் மதர்போர்டில் பதிந்திருக்கும். அதைப் படித்து, உரிய ஃபோல்டரைத் திறந்து, டிரைவர்களைத் தானே இறக்கிவிடும். அத்தனை பெரிய அலுவலகத்தை அவர் ஒற்றை ஆளாகச் சமாளித்தது இப்படித்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் பரவாயில்லை செல்லாது. ஃபோல்டர் பெயரில் ஓர் இடைவெளி கூடிப்போனாலும் சரி செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நிறுவனம் லேப்டாப் பழுது பார்க்க வெளியாள் தேடியது. மனைவியின் தம்பி அப்போதுதான் கடை போட்டிருந்தான். "அவனுக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று மனைவி விடாமல் அரித்தெடுத்தாள். சொன்னார், ஒப்பந்தம் கிடைத்தது. மச்சான் நல்ல வேலைக்காரன். செத்துப்போன லேப்டாப்பைப் போர்டு மாற்றிப் பிழைக்கவைத்துக் கொண்டுவந்து, "பாத்துக்கங்க மாமா" என்று மேசையில் அடுக்கிவிட்டுப் போவான்.

முதல் தடவையே இடறியது. கடையில் வாங்குகிற மாற்று போர்டில் எதுவும் எழுதியிருக்காது. மாற்றுகிறவர்தான் மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் அதில் ஏற்ற வேண்டும். மச்சான் ஏற்றவில்லை. சர்வர் பெயரைக் கேட்டது, பதில் இல்லை, டிரைவர் ஒன்றுகூட இறங்கவில்லை.

கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஃபோனைக் கையில் எடுத்தார். மனைவியின் தம்பி, புதுசாகத் தொழிலில் இறங்கியவன், முதல் வேலையிலேயே நொட்டை சொன்னால் வீட்டில் யார் முகத்தில் விழிப்பது? ஃபோனை வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் பழுதுக்குப் போனதெல்லாம் ஒரே மாடல். அதனால் சர்வரில் ஒரு விதி எழுதினார்: பெயரில்லாமல் எது வந்தாலும் அந்த மாடல் என்று எடுத்துக்கொள், அதன் டிரைவரைப் போடு. வேலை வழுக்கிக்கொண்டு ஓடியது.

பெயரில்லாத போர்டு ஒவ்வொன்று வரும்போதும், 'பொறுப்பில்லாத பய, நான் மட்டும் இல்லேன்னா இவன் கதி என்ன?' என்று உள்ளுக்குள் ஒரு திட்டு. திட்டோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை அவர் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார். "என் தம்பி வேலையெல்லாம் எப்படி?" என்று மனைவி கேட்டால், "அவனுக்கென்ன, பிரமாதமா பண்றான்" என்பார். அன்று மாலைக்குள் சேதி தம்பிக்குப் போய்விடும். அந்தத் தெம்பில் மச்சான், இந்த ஒரு நிறுவனத்தை நம்பியே, கடையைப் பெரிய இடத்துக்கு மாற்றினான்.

பிறகு நிறுவனம் வேறொரு மாடல் வாங்கியது. அதற்குச் சார்ஜர் செருகுகிற துளை ஆட்டம் காண்கிற வியாதி. துளை போர்டோடு சேர்ந்தது, ஆக போர்டையே மாற்ற வேண்டும். மச்சான் ஒரு கட்டு மாற்றிக் கொண்டுவந்தான். தான் எழுதிய விதி பழைய மாடலுக்கு மட்டுமானது என்பதைப் பரவாயில்லை மறந்திருந்தார். ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அவற்றையும் புதிதாக வாங்கிய சிலவற்றையும் வரிசையாக மாட்டி ஏற்றினார். அனுப்புவதற்கு முன் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்ப்பது அவர் வழக்கம். அன்று அவர் கையில் வந்தது போர்டு மாற்றாத லேப்டாப். அது அழகாக வேலை செய்தது.

மறுநாள் காலை இழப்பீட்டுப் பிரிவில் பாதிப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் லேப்டாப்பில் டச்பேட் அசையவில்லை, இன்னொருவருக்கு வைஃபை என்ற ஒன்றே காணோம், பக்கத்து மேசையில் திரை கறுத்துக் கிடந்தது. வெளியே இழப்பீடு கேட்டு வந்தவர்கள் வரிசை வாசல்வரை போயிருந்தது. மேலாளர் அம்மாள் படியிறங்கி நேரே ஜன்னலில்லாத அறைக்கே வந்துவிட்டார்.

"என்னாச்சு? ஏன் இந்தச் சிலது மட்டும்?"

பரவாயில்லைக்கு அதற்குள் காரணம் தெரிந்துவிட்டது. "ரிப்பேர் பண்ணவங்க போர்டுல மாடல் பேரை எழுதல மேடம். அதான் தப்பான டிரைவர் ஏறிடுச்சு."

"எழுத வேண்டியது அவங்க வேலையா?"

"ஆமா மேடம்."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. விதியைப் பற்றி அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் மச்சானுடைய ஒப்பந்தம் ரத்தானது, பழுது வேலை வேறொரு சர்வீஸ் சென்டருக்குப் போனது. பிறத்தியார் குறையை வாய்விட்டுச் சொல்ல அந்த மனிதருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நாக்கு எழுந்தது, அதையும் சம்பந்தப்பட்டவன் இல்லாத இடத்தில் சொன்னார்.

மச்சான் மறுநாள் வந்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தார். அவன் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, போர்டுல பேர் எழுதணும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. போர்டு மாத்தினா ஆன் ஆகுதான்னு பாப்பேன், அவ்வளவுதான். ஆனா ஒண்ணு புரியல. ஆரம்பத்துலேருந்தே நான் எழுதலியே, இத்தனை நாள் எப்படி ஓடுச்சு?"

பொய் சொல்ல இடமில்லை.

"நான் ஒரு விதி போட்டு வெச்சிருந்தேன். பேர் இல்லாம வந்தாலும் ஓடுற மாதிரி."

"எப்போலேருந்து?"

"நீ முதல்ல கொண்டு வந்தது... அன்னிக்கிருந்து."

மச்சான் அவர் முகத்தையே பார்த்தான். "அக்கா ஃபோன் பண்ணும்போதெல்லாம், மாமா உன்னைப் பிரமாதம்னு சொல்றாருடான்னு சொல்லும். நான் அதை நாலு பேர்கிட்ட சொல்லிப் பெருமைப்பட்டிருக்கேன் மாமா." எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனான்.

வீட்டில் சாப்பாடு மேசைக்கு வந்தது. தம்பி சொல்லி விஷயம் தெரிந்திருந்த மனைவிதான் பேச்சைத் தொடங்கினாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன் தம்பியாச்சேன்னு..."

"என் தம்பிங்கறதாலதான் சொல்லியிருக்கணும். வெளியாளா இருந்தா முதல் நாளே சொல்லியிருப்பீங்க, அவன் கத்துக்கிட்டிருப்பான்."

வெளியாளாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. அது ஒரு சமாதானமாக இல்லை. மூன்று வருஷமாகப் பொறுப்பில்லாதவன் என்று மனசுக்குள் ஏசிக்கொண்டிருந்தவனுக்கு, பொறுப்பு இன்னதென்று யாரும் சொல்லவே இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

காலையில் மேலாளர் அறைக்குப் போய் விதியைப் பற்றிச் சொன்னார். எழுதியது யார், எப்போது, எதற்காக என்று ஒன்றும் விடாமல் சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். இப்ப சர்வீஸ் சென்டர்ல கையெழுத்து போட்டாச்சு." இவர் பெயரில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வரும் என்றார். பெயரில்லாத போர்டு இன்னும் எத்தனை லேப்டாப்பில் இருக்கிறதோ அத்தனையையும் ஒழுங்கு செய்தாக வேண்டும் என்றார். இவர் சரி என்றார். விதியைச் சர்வரிலிருந்து அழித்தார்.

ஒழுங்கு செய்ய மச்சானே வந்தான். யாரும் கூப்பிடவில்லை. "நான் விட்டது, நானே முடிச்சிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னான். பிரிவு பிரிவாக லேப்டாப்புகள் கீழே வந்தன. பெயர் ஏற்றுகிற சின்ன மென்பொருளைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, எங்கே எதைத் தட்ட வேண்டும் என்று பரவாயில்லை காட்டினார். மச்சான் முதல் லேப்டாப்பைக் கவிழ்த்து அடியில் மாடலும் நம்பரும் அச்சிட்டு ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான், நிமிர்த்தி வைத்துத் தட்டினான், அவர் பக்கம் திருப்பினான்.

"சரியா மாமா?"

அவர் குனிந்து பார்த்தார். மாடல் பெயர் சரி. சீரியல் நம்பர் பக்கத்தில் கிடந்த லேப்டாப்புடையது. தப்பைத் தானே திருத்திவிட அவர் கை கீபோர்டுவரை போய்விட்டது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல. நம்பர் தப்பு. இது அந்த மெஷினோடது."

மச்சான் எட்டிப் பார்த்தான். அழித்தான். சரியான நம்பரைத் தட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"இவ்வளவுதானா மாமா?"

"இவ்வளவுதான்."