சின்ன எண்ணே போதும் என்றேன்

இது இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். சங்ககிரியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்று காலை கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது போன் அடித்தது. குழந்தைவேலின் மைத்துனன். "அண்ணா, மச்சான் போயிட்டாருங்க" என்றான். "தெரியும் சாமி" என்றேன். அதற்குமேல் ஷட்டரைத் தூக்கக் கை வரவில்லை. குனிந்து உள்ளே போய், விளக்குப் போடாமல் பழைய பேரிங்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

கியர்பாக்ஸ் குழந்தைவேலை, இதைப் படிக்கிற பட்டறைக்காரர்களான உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் லாரி ஸ்பேர் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில்தான் அவன் தொழில் தொடங்கினான், கடைசிவரை அங்கேயே இருந்தான். நான் ஏழாவதோடு நின்றவன். ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு வண்டியின் வயதைச் சொல்வேன், டிரைவரின் வயதையும் சேர்த்துச் சொல்வேன். வடக்கிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு அசந்துபோய் என் காலைத் தொட்டுவிட்டுப் போனார். இதை நான் எங்கே சொன்னாலும் குழந்தைவேல் குறுக்கே வருவான். "அவரு கீழ உழுந்த நட்டை எடுத்தாருங்க மாமா."

அது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் போதும், வண்டிக்கு அடியிலிருந்து சத்தம் வரும்: "நட்டுங்க மாமா, நட்டு!" கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். எத்தனையோ பேர் என் பொய்யைக் கேட்டிருக்கிறார்கள், கோபமில்லாமல் திருத்தியவன் அவன் ஒருவன்தான்.

சில வருடங்களாக ஆட்டோமேட்டிக் கார்கள் பக்கம் திரும்பியிருந்தான். அவற்றில் கிளட்ச் பெடல் கிடையாது. இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதுதான் டார்க் கன்வெர்ட்டர். எனக்கு விளங்கவில்லை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை, அவனே கண்டுபிடித்துச் சொன்னான். "தண்ணி லாரி பாதி டேங்கோட பிரேக் போட்டா, உள்ள இருக்கற தண்ணி வண்டியவே முன்னால தள்ளுதில்லீங்க? இதுக்குள்ள எண்ணெய் தள்ளுது. அவ்வளவுதானுங்க."

அந்த உருண்டைக்கு ஓர் எண் உண்டு. இன்ஜின் எத்தனை சுற்றுக்கு வரும்வரை எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும், எப்போது பிடிக்கும் என்பதை அந்த எண் சொல்லும். எண் பெரிதாக இருந்தால் இன்ஜின் முழு பலத்துக்கு வந்த பிறகுதான் வண்டி நகரும். நகர்ந்தால் பாய்ச்சல்தான். ஆனால் மெதுவாக ஊரும் சாலையிலும் ஏற்றத்திலும் எண்ணெய் வழுக்கிக்கொண்டே இருக்கும். வழுக்க வழுக்கச் சூடு ஏறும்.

ஒருமுறை சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து டாக்டர் ஒருவர் சிவப்புக் காரில் வந்தார். இருப்பதிலேயே பெரிய எண் வேண்டும் என்றார். குழந்தைவேல் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"வண்டி என்ன எடைங்க? பின் ஆக்சில்ல பல்லுக் கணக்கு என்னங்க?"

டாக்டருக்குத் தெரியவில்லை.

"சரிங்க, தெனம் எங்க ஓட்டுவீங்க?"

"வீட்டுல இருந்து கிளினிக்குக்கு."

"அப்ப இருக்கறதே போதுமுங்க. கன்வெர்ட்டரை வண்டிக்கு வாங்கோணுமுங்க, வாய்க்கு வாங்கக் கூடாது."

டாக்டர் முகம் தொங்கிப்போனது. வந்த சீதேவியை விரட்டிவிட்டாயே என்று நான் கத்தினேன். "ஆயிலு வெந்து திரும்பி வந்தா, என்ற மூஞ்சியத்தானே பார்ப்பாரு மாமா" என்று மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டான்.

அவனுக்கென்றும் ஒரு வண்டி இருந்தது. வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வெளிநாட்டு ஆட்டோமேட்டிக் கார். மூன்று வருடம் அதைப் பிரித்துக் கோர்த்து டர்போ ஏற்றினான். பழைய விமான ஓடுதளத்தில் கார்களை நேர்கோட்டில் ஓடவிடுகிற போட்டி ஒன்றுக்கு முன்பு வேடிக்கை பார்க்கப் போயிருந்தான். அங்கே யாரோ இவன் சட்டைக் கறையைப் பார்த்து, "லாரி மெக்கானிக்குக்கு இங்க என்ன வேலை?" என்று சிரித்திருக்கிறார்கள். திரும்பி வந்தவன் இரண்டு நாள் கொட்டகையைத் திறக்கவில்லை. காரணம் எனக்கும் அவன் மனைவி மகேஸ்வரிக்கும் மட்டும் தெரியும். அதே ஓடுதளத்தில் தன் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதுதான் அவனுடைய மூன்று வருடம்.

கன்வெர்ட்டர் வாங்கும் முன் ஒரு பார்சல் அட்டையைக் கிழித்துக் கணக்குப் போட்டான். வண்டி எடை, ஆக்சில் பல், டர்போ எழும்பும் சுற்று. அடியில் 2400 என்று எழுதி வட்டம் போட்டான். கோயமுத்தூர் கடையில் இரண்டு உருண்டைகள் இருந்தன. ஒன்று 2400, இன்னொன்று 3200. அங்கிருந்தபடி எனக்குப் போன் செய்தான். எதை வாங்கினாலும் கடைசியாக என்னை ஒரு வார்த்தை கேட்பான். என் வாய் ராசியான வாய் என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

"மாப்ளே, சின்ன எண்ணே போதும். முதல் ஓட்டம் மலைக்குத்தானே?" என்றேன். அவன் கேட்காமல் பெரியதை வாங்கிவிட்டான். இதைத்தான் டீக்கடையில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், கருமாதிப் பந்தலில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் எச்சரிக்கை நீண்டுகொண்டே போனது. எந்த வளைவில் தீப்பிடிக்கும் என்பதைக்கூட முன்கூட்டிச் சொன்னதாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பக்கம் இன்ஜினோ கியர்பாக்ஸோ புதிதாக ஏற்றினால் முதல் ஓட்டம் கோயிலுக்கு. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு நேரே ஏற்காட்டு மலைக் கோயிலுக்கு ஏறுவான் குழந்தைவேல். அத்தனை லாரிகளும் அப்படித்தான் ஏறி இறங்கின. ஆனால் அவையெல்லாம் கிளட்ச் வண்டிகள். பெரிய எண் போட்ட காருக்கு, எண்ணெயைக் குளிரவைக்கப் பெரிய ஆயில் கூலர் வேண்டும். அது பார்சலில் இன்னும் வரவில்லை. முதல் ஓட்டத்துக்குக் குறித்திருந்த அமாவாசை வந்துவிட்டது, மகேஸ்வரியோடு கிளம்பிவிட்டான்.

பிறகு நடந்ததை மகேஸ்வரி சொல்லித்தான் அறிந்தேன். வளைவுகளில் முன்னால் ஒரு பஸ் ஊர்ந்துகொண்டே போயிருக்கிறது, இவர்களும் பின்னால் ஊர்ந்திருக்கிறார்கள். "ஆயிலு வேகுது மகேசு" என்று அவனே வாசம் பிடித்துச் சொல்லியிருக்கிறான். ஓரம் கட்டுவதற்குள் கொதித்த எண்ணெய் பொங்கிச் சூடான சைலன்சர் குழாய் மேல் கொட்டிவிட்டது. குப்பென்று தீ. மகேஸ்வரியை இழுத்து வெளியே தள்ளினான். வண்டி பின்னால் உருளத் தொடங்கியது. கீழ் வளைவில் ஒரு வேன் நிறைய ஆட்கள். லாரிக்காரன் புத்தி, கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கப் போனான். ஒரு சக்கரத்துக்குக் கொடுத்தான். அடுத்ததற்குக் குனிந்தபோது பெட்ரோல் பற்றிக்கொண்டது. வேனில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தான். கட்டுகளுக்கு நடுவே கண்கள் மட்டும் தெரிந்தன. மூன்றாம் நாள் நான் போனபோது மகேஸ்வரி அவனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, அட்டையில சின்ன நம்பர்தானே எழுதியிருந்தீங்க? ஆரு சொல்லி இதை வாங்குனீங்க?"

அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நான் சின்னதுதான் சொன்னேன் அம்மிணி. உன்ற ஊட்டுக்காரன் கேக்கல."

அவன் என்னைப் பார்த்தான். நட்டு என்று சொல்லப் போகிறான் என்று நின்றேன்.

"ஆமா மகேசு" என்றான். "மாமா சொன்னாரு. என்ற புத்திதான் கேக்கல."

அதன் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. பேச முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டுவிட்டானா, தெரியாது.

கருமாதி முடிந்த மறுநாள் மகேஸ்வரி கடைக்கு வந்தாள். கையில் அந்த அட்டை. "நீங்க ஒருத்தர்தான் சரியாச் சொன்னீங்க அண்ணா. இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வட்டத்தைச் சுற்றி அவன் கட்டைவிரல் கிரீஸ் இருக்கிறது. வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் என் எச்சரிக்கைக் கதையைச் சொல்லிவந்தேன். சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் காது பின்பக்கக் கொட்டகைக்குப் போகிறது. அங்கிருந்து சத்தம் வருவதில்லை.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. அந்த அட்டை, அந்த நட்டு. நட்டைக் குனிந்து எடுக்க வேறு ஆள் இல்லை, இந்தத் தடவை நானே எடுக்கிறேன். மகேஸ்வரியும் இதைப் படிப்பாள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

அன்று போனில் "சின்னதே போதுமுங்க மாமா, மலை ஏறோணும்" என்று சொன்னவன் குழந்தைவேல். "லாரி மெக்கானிக் புத்தி உன்னைய உட்டுப் போவுதா பாரு. அவனுங்க மறுக்காச் சிரிக்கட்டுமா? பெரிசை எட்றா" என்று சொன்னவன் நான்.