தீயை அணை!

லாரி போனாலும் சரி, மாடியில் யாராவது குதித்தாலும் சரி, சாப்பாட்டுக் கடைக்காரர் இனாகாகியின் வலது கை எரிவாயு அடுப்பின் திருகைத் தேடிப் போய்விடும். முகம் திரும்பாது, பேச்சும் நிற்காது. அதை மூடி, விரல் நுனியால் இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார். ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு மறுபடி பற்றவைப்பார். அதுவரை வாணலி எண்ணெயில் கொரோக்கே என்ற உருளைக்கிழங்கு வடை சுணங்கிக் கிடக்கும்.

ஜப்பானில் நீகாதா கடற்கரையோரம் எங்கள் ஊர். பக்கத்து நூலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு மதியச் சாப்பாடு அவர் கடையில்தான். மூலை மேசையில் கவிதைப் புத்தகத்தை விரித்துக்கொண்டால் யாரிடமும் பேச வேண்டியிருக்காது.

வட்டாரப் பேரிடர்க் குழுவுக்கு அவர்தான் தலைவர். செப்டம்பர் பயிற்சியில் பள்ளி மைதானத்தில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்துவார்: "நிலநடுக்கம்! தீயை அணை!" அவருடைய தாத்தா டோக்கியோக்காரர். 1923இல் மதியச் சமையல் நேரத்தில் பூமி ஆடியபோது, இடிபாட்டில் செத்தவர்களைவிட எரிந்து செத்தவர்களே அதிகம். தாத்தாவின் தங்கைகளும் அதில் போனார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் நிலநடுக்கம் என்றால் நெருப்பு.

நகராட்சி நடத்திய புது வகுப்புக்கு அவர் போக மறுத்தார். மனைவி மிசாவோ போய்வந்தாள்.

"இப்ப அப்படி இல்லையாங்க. முதல்ல மேசைக்கடியில போகணுமாம். தலையை மறைச்சுக்கிட்டு மேசைக்காலைக் கெட்டியாப் பிடிச்சுக்கணும். ஆட்டம் நின்னப்புறம்தான் அடுப்பாம்."

"மேசைக்கடியில உக்காந்துகிட்டுத் தெரு எரியறதை வேடிக்கை பாக்கச் சொல்றாங்களா?"

முடிதிருத்தும் தானிகூச்சி வாய் நிறையச் சோற்றோடு சொன்னார்: "தலைவரே, அக்கா சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. குலுங்கறப்போ கொதிக்கிற எண்ணெய்கிட்டப் போனா, நாமதான் கொரோக்கே."

கடையே சிரித்தது. இனாகாகி சிரிக்கவில்லை. "நீ முடியை வெட்டு. நெருப்பை நான் பாத்துக்கறேன்."

அக்டோபரில் ஒரு மதியம், காலுக்கடியில் யாரோ உலக்கையால் இடித்ததுபோல் ஒரு தூக்கல். நிலநடுக்கத்தில் முதலில், வேகமாக வரும் சின்ன அதிர்வலை அது. பெரியது பின்னால் வரும். இடையில் கிடைப்பது சில நொடிகள். மிசாவோ தட்டைக் கீழே போட்டாள். என் சட்டைக் காலரைப் பிடித்து மேசைக்கடியில் இழுத்தாள்.

"காலைப் பிடிச்சுக்கோ தம்பி, விட்றாதே!"

ஆளுக்கொரு மேசைக்காலைப் பிடித்துக்கொண்டோம். பிறகு கடை பக்கவாட்டில் வீசி ஆடியது. அலமாரி சாய்ந்தது. கிண்ணங்கள் உடையும் சத்தத்துக்கு நடுவே, பின்கட்டுக்கு மாவு மூட்டை எடுக்கப் போன இனாகாகியின் குரல் வந்தது. விழுந்து எழ முடியாமல் கிடந்தவரின் குரல்.

"மிசாவோ! தீயை அணை!"

அவள் கை மேசைக்காலை விட்டது. முகத்தில் ஒரு யோசனையும் இல்லை. தவழ்ந்து அடுப்படிக்குப் போனாள். வாணலி புரண்டது.

மிசாவோவுக்கு வலது தோளிலிருந்து விரல்வரை வெந்துபோனது. தோல் ஒட்டினார்கள், விரல்கள் மடங்கவில்லை.

அந்த ஆட்டத்தில் எங்கள் வட்டாரத்தில் ஒரு வீடுகூட எரியவில்லை. வட்டாரச் சங்கம் இனாகாகிக்கு ஒரு பாராட்டுப் பலகை கொடுத்தது. அதை அவர் மருத்துவமனைக்கே எடுத்துக்கொண்டு போனார். நானும் போயிருந்தேன்.

"பாத்தியா, ஒரு வீடு எரியல. எல்லாம் நம்ம பயிற்சிதான்."

மிசாவோ பலகையைப் பார்த்தாள். "வகுப்புல சொன்னதெல்லாம் தலையில இருந்துச்சுங்க. உங்க குரல் கேட்டதும் உடம்பு போயிடுச்சு. பயிற்சிங்கறது நாய்க்குக் கொடுக்கறது."

"நான் என்ன வேணும்னா சொன்னேன்?"

"இல்ல. அதான் கோவப்படக்கூட முடியல."

மருத்துவமனையிலிருந்து வெளியே வந்ததும் மிசாவோ நாகானோவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பவில்லை. இனாகாகி தனியாகக் கடை நடத்துகிறார். பலகை கல்லாவுக்கு மேல் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தலை குனிந்து வணங்குகிறார்கள், அவரும் வணங்குகிறார்.

குளிர்காலத்தில் நூலகத்து எரிவாயு மீட்டரைப் பார்க்க ஓர் ஆள் வந்தார். நிலநடுக்கம் வந்தால் இதை யார் மூடுவது என்று கேட்டேன்.

"யாரும் மூட வேண்டாம் சார். பலமா ஆட ஆரம்பிச்சதுமே மீட்டரே வாயுவை நிறுத்திடும். இந்த ஊர்ல எல்லா வீட்டுலயும் கடையிலயும் இதைத்தான் மாட்டியிருக்கோம், பல வருஷமா. அன்னிக்கு மதியமும் எல்லா அடுப்பும் தானாத்தான் அணைஞ்சுது."