யார் வந்தாலும் ஓடும்படி எழுதியவர்

பத்மாவதி அக்கா காலமான செய்தி அலுவலக வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. "நம் நிறுவனத்தின் தூண் சாய்ந்துவிட்டது" என்று முதலாளி எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அந்தத் தூணைப் போன வருடமே வேலையைவிட்டு நிறுத்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆரணிப் பட்டுக் கடைகளுக்கு மென்பொருள் செய்யும் எங்கள் சின்ன அலுவலகத்தில் அவர்தான் மூத்த புரோகிராமர். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடி வேலையில் உட்கார்ந்துவிடுவார்.

எங்களுக்குள் முதல் சண்டை ஒரு பிரின்டரால் வந்தது. பில் போடும் பகுதிக்குள்ளேயே நான் அதன் பெயரை எழுதியிருந்தேன். "இன்னாப்பா இது? கடைக்காரர் வேற பிரின்டர் வாங்கினா மொத்த பில்லையும் பிரிச்சு மேயப் போறியா? அந்த எடத்தக் காலியா வுடு. அங்க எது வரணும்னு வெளிய கான்ஃபிக் ஃபைல்ல எழுது. புரோகிராம் ஓடச்சொல்ல தானா வந்து உக்காந்துக்கும்" என்றார். மொத்த மென்பொருளையும் அப்படித்தான் எழுதினார். எந்தப் பகுதியையும் மற்றதைத் தொடாமல் மாற்றிவிடலாம்.

போன வருடம் உடம்பு முடியாமல் போய் அக்கா சிகிச்சைக்கு விடுப்புக் கேட்டபோது, "நீங்க இல்லாதப்ப யாரு பார்த்துக்குவாங்க?" என்றார் முதலாளி.

"யாரு வந்தாலும் பார்த்துக்கலாங்க. அப்படித்தான் எழுதி வச்சிருக்கேன்" என்றார் அக்கா, பெருமையாக.

அந்தப் பெருமையே அவருக்கு வினையாக முடிந்தது. குறைந்த சம்பளத்துக்கு ஒருவரைப் பிடித்தார்கள், அக்காவைத் திரும்ப வர வேண்டாம் என்றார்கள். தங்களைத் தவிர எவருக்கும் விளங்காதபடி எழுதியவர்கள் இன்றும் நாற்காலியில் இருக்கிறார்கள். யாரென்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் நான் அக்காவின் பக்கத்தில் இருந்தபோது அவருக்கு முதலாளியின் போன் வந்தது. ஜி.எஸ்.டி. பகுதியைப் புதியவர் மாற்றி எழுதிவிட்டு, கான்ஃபிக்கில் அதைச் சேர்க்காமல் விட்டிருக்கிறார். அந்த இடம் காலியாகவே கிடக்க, எல்லாக் கடைகளிலும் பில் நின்றுவிட்டது.

"சொல்லாதீங்கக்கா, பேஜாராவட்டும்" என்றேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "கடைக்காரங்க இன்னாப்பா பண்ணாங்க? கல்யாணப் பொடவ எடுக்க வந்தவங்க நின்னுகினு இருப்பாங்க" என்றார். பிறகு மூச்சு வாங்க, எங்கே எதைச் சேர்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பில் ஓட ஆரம்பித்தது.

"உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டாரா?"

"அவசரத்துல இருந்தாருப்பா."

கடைசிவரை அவர் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் எழுதிய முறையில்தான் நான் இன்றும் எழுதுகிறேன். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். அவர் படாமல் விட்டுப்போன கோபம் முழுவதையும் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.